முதலில் அவள் பேசட்டும்

என் மனைவிக்கு அமெரிக்காவில் ஓட்டுப் போடும் உரிமை வந்த அன்று நான் கேசரி செய்தேன். முந்திரி கூடுதலாகவே போட்டேன். வயிறு எரிகிறவன் முந்திரியில் சிக்கனம் பிடித்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும்.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு அரசியல் என்பது பேப்பரில் பஜ்ஜி எண்ணெய் ஒற்ற உதவுகிற பக்கம். எனக்கோ அதுதான் மூச்சு. திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கும் காலத்திலேயே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, "வாக்காளப் பெருமக்களே" என்று சந்து சந்தாகப் போய்த் தொண்டையைக் கிழித்துக்கொண்டவன் நான். ஒரு வேட்பாளர் தோற்றதற்கே என் பேச்சுதான் காரணம் என்று ஊரில் ஒரு கருத்து உண்டு. அவர் எங்கள் வேட்பாளர்.

இவ்வளவு பேசியவன் ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை. முதல் தடவை, வயது வந்து, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, சாவடிக்குப் போனேன். உள்ளே உட்கார்ந்திருந்த வாத்தியார் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, ஒங்க ஓட்டு காலையிலேயே விழுந்தாச்சே" என்றார். யாரோ ஒரு புண்ணியவான் என் பெயரைச் சொல்லிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த தேர்தலில் கட்சி என்னைப் பூத் ஏஜென்டாகப் பக்கத்துத் தொகுதிக்கு அனுப்பியது. ஊரார் ஓட்டுக்கெல்லாம் காவல் இருந்துவிட்டு நான் திரும்பி வருவதற்குள் எங்கள் ஊர்ச் சாவடியைப் பூட்டிவிட்டார்கள். அதற்கடுத்த தடவை மஞ்சள் காமாலை.

பிறகு கல்யாணம். அவள் தொண்ணூறிலேயே நர்ஸ் வேலைக்கு நியூஜெர்சி வந்துவிட்டவள். லீவில் வந்து எனக்குக் கழுத்தை நீட்டினாள், டூட்டிக்குத் திரும்பிப் போனாள். அவள் எனக்காக அப்ளை பண்ணி, அது நகர்ந்து, ஊரில் எல்லோரும் "இன்னுமா போகலை?" என்று கேட்டு ஓய்ந்த பிறகு, தொண்ணூற்றாறின் ஆரம்பத்தில் கிரீன் கார்டோடு நெவார்க்கில் இறங்கினேன். நான் விமானம் ஏறிய சில மாதத்தில் தமிழ்நாட்டில் தேர்தல். என் வாழ்க்கையில் தேர்தல்களெல்லாம் நான் கிளம்புவதற்காகக் காத்திருந்தே நடந்தன.

சிட்டிசனாக நான் ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். அவளோ எப்போதோ ஆகியிருக்கலாம், சோம்பலில் விட்டுவைத்திருந்தாள். அவளை விடாமல் அரித்தது அவளுடைய வார்டிலிருந்த ஒரு மூத்த நர்ஸ். அலபாமாவில் பிறந்து வளர்ந்த கறுப்பின அம்மாள். ஐம்பது தாண்டியவர், சிரித்தால் அடுத்த வார்டு நோயாளி விழித்துக்கொள்வார். கேன்டீனில் பார்க்கும்போதெல்லாம் "அப்ளை பண்ணிவிட்டாயா?" என்றுதான் கேட்பாராம். அந்த வாய்க்குப் பயந்துதான் என் மனைவி அப்ளை பண்ணினாள்.

தேர்வுக்கு அவளைத் தயார் செய்தது நான். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, கார் ஓட்டும்போது விடாமல் கேள்வி கேட்டேன். செனட்டில் எத்தனை பேர், உச்ச நீதிமன்றத்தில் எத்தனை பேர். அவள் தப்பாகச் சொன்னால் நான் உற்சாகமாகத் திருத்துவேன். இரண்டாயிரம் கோடையில் அவள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு வந்தாள். கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம், குடியுரிமை அவளுக்கு. அன்றைக்குத்தான் கேசரி.

என்றாலும் நான் எதையும் வீணாக்குகிறவன் இல்லை. வீட்டில் ஒரு ஓட்டு வந்துவிட்டது. அதை எப்படிப் போடுவது என்று தெரிந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறான். கை அவளுடையது, மூளை என்னுடையது என்று மனசுக்குள் பங்கு பிரித்துவிட்டேன். மாதிரி ஓட்டுச்சீட்டு தபாலில் வந்ததும் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி, சிவப்பு மையால் வட்டம் போட்டேன். பால் எடுக்க வந்தவளிடம் ஜனாதிபதி. தயிர் எடுக்க வந்தவளிடம் செனட். கொத்தமல்லி எடுக்க வந்தவளிடம் கவுண்டி பதவிகள். இரண்டு வாரம் இப்படிப் பிரசாரம் நடந்தது. அவள் எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்து வரும் வழியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். "போட்டாச்சா?" என்றேன். "போட்டாச்சு" என்றாள். "நான் சொன்னமாதிரிதானே?" "பசிக்கி, தோசை ஊத்துங்க" என்றாள். பசியில் சொன்னதை நான் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டேன்.

அவள் கோட்டில், ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தோசை ஊற்றியதில் முதல் தோசை கருகிப்போயிற்று. மறுநாள் காலை ஸ்டிக்கரை மெல்ல உரித்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். "எலக்‌ஷன் நேத்துல்ல முடிஞ்சுபோச்சு" என்றான் பக்கத்து சீட்டுக் கோயம்புத்தூர்க்காரன். "கொண்டாட்டம் இன்னைக்கு" என்றேன். அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தது என்று தெரியவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதல்லவா, அத்தனை நாளும் நான் பிரிட்ஜ்வாட்டர் கோவில் கேன்டீனில் நின்று, "நாங்க இன்னாருக்குப் போட்டோம், ஏன்னா" என்று ஆரம்பித்து, புளியோதரை ஆறும்வரை விளக்கிக்கொண்டிருந்தேன். நாங்க என்பதை அழுத்திச் சொல்வேன்.

மார்ச் மாதம் வந்தது. ஒரு சாயங்காலம் மனைவி சொன்னாள்:

"என்னங்க, எங்க சீனியரு இருக்காவல்லா, அவங்க சர்ச்சுல ஒரு நடை இருக்காம். வருசா வருசம் நடப்பாங்களாம். ஃபேமிலியோட வரச் சொல்லுதாவ."

"என்ன நடை?"

"அலபாமாவுல ஓட்டு கேட்டு நடந்தாங்கள்லா, அதை நெனச்சு."

அது எனக்குத் தெரியும். அறுபத்தைந்தாம் வருஷம் செல்மா என்ற ஊரில், ஓட்டுரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் பாலத்தின் மேல் நடந்துபோனார்கள். போலீஸ் அடித்து விரட்டியது. அவர்கள் மறுபடி கூடி, மாநிலத் தலைநகர் வரை நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷமே சட்டம் வந்தது. அதையெல்லாம் நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்கி முடித்துவிட்டுப் போய்விட்டாள். மிச்சத்தை டிஷ்வாஷரிடம் சொன்னேன்.

நடை என்றதும் எனக்குள் பழைய ஆட்டோ உறுமியது. ஊர்வலம் என்றால் முடிவில் பொதுக்கூட்டம். பொதுக்கூட்டம் என்றால் மேடை. மேடை என்றால் மைக். வந்த ஐந்து வருஷத்தில் ஒரு மைக்கின் பக்கத்தில்கூட நான் போனதில்லை. தமிழ்ச் சங்கத்தில்கூட என்னை வாகன நிறுத்தத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். ஓட்டில்லாதவனின் வேதனையை ஓட்டுக்காக நடந்தவர்களின் பிள்ளைகள் முன்னால் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நியூஜெர்சியில் யார்? நாலு பக்கம் எழுதினேன். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். எங்கள் நாலு வயது மகள் வெளியே நின்று, "ஹூ ஆர் யூ டாக்கிங் டு, அப்பா?" என்றாள்.

நம் ஊர்க் கடைகள் இருக்கிற எடிசன் டவுனுக்குப் போய் ஒரு பொன்னாடையும் வாங்கினேன். ஜரிகை போட்டது. பாதிரியாருக்குப் போர்த்தலாம் என்று. கரைவேட்டி கட்டலாமா என்று மனைவியிடம் யோசனை கேட்டேன்.

"கட்டுங்க. குளிர்ல காலு வெறச்சு ஃப்ராஸ்ட்பைட் வந்தா எங்க ஆஸ்பத்திரிதான் பக்கம்" என்றாள்.

கோட்டு சூட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நூறு பேருக்கு மேல் இருக்கும். ஆற்றிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. மூத்த நர்ஸ் என் மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லோரிடமும், "இவள் நவம்பரில் இந்த நாட்டில் முதல் ஓட்டுப் போட்டாள்" என்று அறிமுகப்படுத்தினார். ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். என்னை "இவளுடைய கணவர்" என்றார். பிறந்ததிலிருந்து என்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் அறிமுகப்படுத்தியதில்லை.

பாதிரியார் எங்களிடம் வந்தார். உயரமான மனிதர், மெல்லிய குரல். "இங்கே இந்த ஆற்றுப் பாலத்தைத்தான் நாங்கள் நடந்து கடப்போம். கிளம்புவதற்கு முன்னால் பாலத்தடியில் ஒருவர் ஓரிரு வார்த்தை சொல்வது எங்கள் வழக்கம். உங்கள் மனைவி சொல்லலாம். நீங்களும் ஓட்டுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் பேசினாலும் சந்தோஷம்தான்" என்றார்.

இங்கேதான் நான் என் பொதுக்கூட்ட ஞானத்தால் கெட்டேன். நம் ஊரில் முதலில் பேசுகிறவன் யார்? மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்றிவிடப்பட்டவன். அவன் பேசும்போது கூட்டம் வேர்க்கடலை வாங்கும், நாய் குறுக்கே போகும். வட்டம் பேசிய பிறகு மாவட்டம், மாவட்டம் பேசிய பிறகு மாநிலம். தலைவர் எப்போதும் கடைசியில். கடைசியில் பேசுகிறவருக்காகத்தான் கூட்டமே.

எனவே பெருந்தன்மையாகச் சொன்னேன்: "முதலில் அவள் பேசட்டும். நான் கடைசியில் பேசுகிறேன்."

பாதிரியார் என்னை ஒரு கணம் பார்த்தார். "கடைசியில் ஹாலில் சாப்பாடு இருக்கிறது" என்றார். கூட்டம் முடிந்துதானே சாப்பாடு, அது எனக்குத் தெரியாதா என்று தலையாட்டினேன்.

மனைவி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "எனக்குப் பேச வராதுங்க. நீங்களே பேசிருங்க."

"நீ சும்மா ஒரு வணக்கம் போடு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

"என்னத்தச் சொல்ல?"

"என்ன வேணாலும் சொல்லு. முதல்ல பேசுறத யாரும் கேக்க மாட்டாங்க."

பாலத்தடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும் வைத்திருந்தார்கள். அவள் போய் நின்றாள். பட்டுப்புடவை, மேலே முழங்கால் வரை கோட்டு, காலில் டூட்டி ஷூ. மகள் என் தோளில் இருந்தாள். ஒருவரும் வேர்க்கடலை வாங்கவில்லை. நாயும் வரவில்லை. நூறு பேரும் அசையாமல் அவளையே பார்த்தார்கள். அப்போதே எனக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரியத் தொடங்கியது.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"எனக்குப் பேசத் தெரியாது. எங்கள் வீட்டில் தேர்தல் வந்தால் அப்பா ஒரு பேப்பரில் சின்னத்தை வரைந்து அம்மாவிடம் காட்டுவார். எனக்கு வயது வந்ததும் எனக்கும் காட்டினார். நாங்கள் அதில்தான் முத்திரை குத்துவோம். போன நவம்பரில் என் கணவர் காட்டினார். ஃப்ரிட்ஜில். ரெண்டு வாரம்."

கூட்டம் சிரித்தது. என் தோளில் இருந்தவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

"அவருக்கு நிறையத் தெரியும். ஆனால் நான் திரைக்கு உள்ளே போனேன். திரை மூடிக்கொண்டது. அங்கே அப்பா இல்லை, அவரும் இல்லை. நான் மட்டும். எல்லாப் பெயரையும் முதலிலிருந்து நானே படித்தேன். பிறகு எனக்கு யார் சரி என்று பட்டதோ அவருக்குப் போட்டேன். என் கணவருக்கு இது இப்போதுதான் தெரியும். அந்தத் திரைக்காக நடந்தவர்களுக்கு நன்றி."

அவ்வளவுதான். முதலில் யாரோ பின்னாலிருந்து "அப்படிச் சொல் தங்கச்சி" என்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார்கள். பிறகு கைதட்டல் பாலத்தில் மோதி எதிரொலித்தது. மூத்த நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என் முதுகில் தட்டி, "உன் ஆளா அது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்து இருமினார். "அம்மா இஸ் குட்" என்றாள் மகள் மேலேயிருந்து.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு பொறாமை. கைதட்டலுக்கு ஒன்று. அது பழகினது, தாங்கிக்கொள்ளலாம். மற்றது புதுசு. நாலு மாதமாக நான் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்த ஓட்டும் நான் போட்டதில்லை. கேன்டீனில் நாங்க, நாங்க என்றது அத்தனையும் காற்றோடு போயிற்று. முன்பு என் ஓட்டை யாரோ ஊர் பேர் தெரியாதவன் போட்டான். இப்போது போட்டவள் என் வீட்டிலேயே சாம்பார் வைக்கிறாள்.

அவள் திரும்பி வந்தபோது பல் அடித்துக்கொண்டிருந்தது. "குளிருதுங்க. பையில என்னமோ துணி வச்சிருந்தீங்களே" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டேன். நன்றாகப் பேசியவருக்குப் பொன்னாடை போர்த்திய வகையில் அன்று எங்கள் ஊர் முறையில் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கை கோத்துப் பாலத்தைக் கடந்தோம். அவளை முன்வரிசைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் மகளின் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நடுவில் எங்கோ. அக்கரையில் எல்லோரும் தலை குனிந்து ஜெபித்தார்கள். நான் கோட்டுப் பையில் நாலு பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பி சர்ச் ஹாலுக்கு வந்தோம். மேடை இல்லை. மடக்கு மேஜைகள், அலுமினியத் தட்டுகளில் கோழி, கீரை, மக்ரோனி, ஓரத்தில் என் மனைவி கொண்டுவந்த புளியோதரை. ஸ்பீக்கர் பெட்டியை ஒருவர் ஒயரைச் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூத்த நர்ஸ் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ கடைசியில் பேசுவதாகச் சொன்னாயாமே? இதுதான் கடைசி. பேசு" என்றார்.

விடுவேனா? கோழிக்கால் கையில் இருக்க, சாவடிக்குப் போன கதையை ஆரம்பித்தேன். இஸ்திரி போட்ட சட்டை, பட்டியல் பார்த்த வாத்தியார், காலையிலேயே விழுந்த ஓட்டு. அவர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது என்று குரலை உயர்த்தினேன்.

அவர் சிரித்து முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய என் அம்மா கோர்ட்டுக்குப் போவாள், எங்கள் ஊரில் அங்கேதான் பதிவு. பதில் தெரியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி போவாள். அவள் ஓட்டை யாரும் திருடவில்லை, தம்பி. திருடுவதற்கு அது முதலில் அவளிடம் இருக்க வேண்டும்."

கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டேன். நல்லவேளை, அதற்குள் எல்லோரும் என் மனைவியிடம் புளியோதரை எப்படிச் செய்வது என்று கேட்கப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு அவள்தான் காரை ஓட்டினாள். ஃப்ரீவேயில் ஏறும்வரை பொறுத்தேன்.

"அப்ப யாருக்குத்தான் போட்ட?"

"சொல்ல மாட்டேன்."

"நான் யாருக்குப் போடச் சொன்னேனோ அவருக்கு இல்லையா?"

"அப்படிச் சொல்லலையே. அவராவும் இருக்கலாம்."

"பெறவு என்ன ரகசியம்?"

"நீங்க சொன்னதுக்காகப் போடல. அதுதான் ரகசியம்" என்று சொல்லி, சிக்னல் போட்டு அடுத்த லேனுக்குப் போனாள். ஜரிகை பொன்னாடை இன்னும் கழுத்தில் இருந்தது.

அந்தக் கோடை முழுக்க நான் விதவிதமாகத் தோண்டிப் பார்த்தேன். டிவி செய்தியில் ஜெயித்தவரைக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன், தோற்றவரைக் காட்டும்போதும் பார்ப்பேன். அவள் இரண்டு பேரையும் ஒரே மாதிரிப் பார்த்து, "டை நல்லாயிருக்கு" என்பாள்.

ஆகஸ்டில் எனக்கும் குடியுரிமை வந்தது. அன்றைக்கு அவள் கேசரி செய்தாள். முந்திரி சரியான அளவில் இருந்தது. நவம்பரில் நியூஜெர்சிக்குக் கவர்னர் தேர்தல். அந்த வருஷம் செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது, ஜனங்கள் மெல்லப் பேசினார்கள். நான் மட்டும் எனக்குள் ஒரு சின்னப் பழிவாங்கலை வளர்த்துக்கொண்டிருந்தேன். நானும் திரைக்குப் பின்னால் போவேன். நானும் போடுவேன். யாருக்கு என்று அவளிடம் சாகும்வரை சொல்ல மாட்டேன். அவள் கேட்பாள், நான் டை நல்லாயிருக்கு என்பேன்.

பள்ளிக்கூட ஜிம்மில்தான் சாவடி. அவள் முன்னால் போய்ப் போட்டுவிட்டு வந்து மகளோடு வெளியே நின்றாள். என் பெயரைப் பட்டியலில் தேடிய அம்மாள் பக்கத்தைப் புரட்டப் புரட்ட எனக்கு வியர்த்தது. விழுந்தாச்சே என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். சொல்லவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார். திரைக்கு உள்ளே போனேன். அவள் சொன்னது சரிதான், அங்கே வேறு யாரும் இல்லை. பேசிப் பார்க்கலாம் என்றால் கேட்கவும் ஆள் இல்லை. முப்பத்தெட்டு வயதில் என் முதல் ஓட்டைப் போட்டேன்.

வெளியே வந்தேன். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. காரில் ஏறினோம். சாலை திரும்பியது, சிக்னல் வந்தது, போனது. கேட்கவில்லை. மளிகைக் கடையில் நிறுத்தினாள். காய் எடுத்தோம், ரொட்டி எடுத்தோம். பால் வைத்திருக்கும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் யாருக்குப் போட்டேன்னு ஒனக்குக் கேக்கணும்னே தோணலையா?"

"எதுக்கு? அதான் ரெண்டு வாரமா ஃபோன்ல ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிட்டு இருந்தீங்களே" என்றாள். பிறகு அந்த வேட்பாளர் பெயரையும், நான் அவருக்குப் போடுவதற்கான காரணங்களையும், என் வரிசையிலேயே, என் குரலிலேயே சொன்னாள்.

"சரி, நீ யாருக்குப் போட்ட?"

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அடித்தது.

"டூ பெர்சன்ட் பால் எடுக்கவா, ஹோல் மில்க் எடுக்கவா?" என்றாள்.